வழி சொன்னவர்கள்: பொதிகையும் தமிழில் மலை நடையும்

திருநெல்வேலிக்காரர்கள் எழுதிய புத்தகங்களை ஒரு அலமாரியில் வரிசையாக அடுக்கினால் எல்லாவற்றிலும் ஆறு ஓடும். படித்துறை, மருதமரம், கல்மண்டபம், ரதவீதி, ஈரத் துணியோடு வீடு திரும்பும் ஆச்சி. அந்த ஆறு எந்த மலையிலிருந்து வருகிறதோ அது மட்டும் அநேகமாக இருக்காது. இருந்தாலும் மேற்கே ஒரு நீலக் கோடாக, மழை வருமா என்று அண்ணாந்து பார்க்கிற இடமாக இருக்கும். அதில் ஏறி இறங்கியவர் கதைக்குள் வருவது அபூர்வம்.

எழுத்தாளர் தன் தெருவை எழுதுவார், அதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குள்ள கேள்வி வேறு. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் தமிழில் மலை நடை பற்றிய கட்டுரைகள் நிறைய வருகின்றன. என்னைப் போல வாரத்தில் ஐந்து நாள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் பெரும்பாலும் எழுதுகிறோம். அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு மலை, பனிமூட்டம், புல்வெளி, ஆளரவம் இல்லாத ஒரு பாதை, அதில் நமக்குக் கிடைக்கிற அமைதி. இந்த 'அமைதி' என்ற சொல் கிட்டத்தட்ட எல்லாக் கட்டுரையிலும் வந்துவிடுகிறது. அதை எங்கிருந்து எடுத்தோம்? நம் மொழியில் இதற்கு முன்னால் மலையில் நடந்தவர்கள் எப்படிப் பேசியிருக்கிறார்கள்? பொதிகையை வைத்து இதைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது.

பொதிகையை முதலில் எழுதியவர்கள் தூரத்திலிருந்து எழுதியவர்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் உட்கார்ந்து உலகத்துக்கே வரைபடம் போட்ட தாலமி, தென்கோடியில் கொல்கோய் என்று ஒரு துறைமுகத்தையும் பெட்டிகோ என்று ஒரு மலையையும் குறிக்கிறார். கொல்கோய் என்பது எங்கள் கொற்கை, பெட்டிகோ பொதிகை என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்றுக்கொண்ட அடையாளம். தாலமி வந்து பார்க்கவில்லை. முத்து வாங்க வந்துபோன கப்பல்காரர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். ஆக, வெளி உலகத்துக்குப் பொதிகை தெரியவந்ததே கடற்கரையிலிருந்து பார்க்கப்பட்ட மலையாகத்தான்.

நம் ஆட்களும் அப்படித்தான். சிலப்பதிகாரத்தின் தொடக்க வாழ்த்திலேயே பொதியில் இமயத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. பொதியிலின் தென்றல் வருகிறது, சந்தனம் வருகிறது. அகத்தியர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், தமிழ் அங்கிருந்து வருகிறது. கவனித்துப் பார்த்தால் இது ஒரு ஏற்றுமதிப் பட்டியல் மாதிரி இருக்கும். மலையிலிருந்து கீழே என்னென்ன வருகிறது என்ற கணக்கு. மேலே போவது பற்றி அதில் ஒன்றும் இருக்காது. பொதியிலுக்குத் தலைவனாக இருந்த ஆய் அண்டிரனைப் புறநானூற்றில் அதிகம் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். பெயரில் உள்ள 'முட' என்பதை வைத்து அவர் கால் ஊனமானவர் என்று சொல்வார்கள். அது உண்மையானால், பொதிகைப் பாடகர்களில் ஏறி இறங்கக் கஷ்டப்பட்டவர் அவர்தான். மற்றவர்களுக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை.

*

சங்க இலக்கியத்தில் மலை நடை இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் 583 அடிக்கு இருக்கிறது. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டு, கூத்தராற்றுப்படை என்றும் பெயர். செங்கண்மாத்து நன்னனிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரு கூத்தன், பசியோடு எதிரே வரும் இன்னொரு கூத்தனின் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். களம் இன்றைய செங்கம் பக்கம், பொதிகையிலிருந்து ரொம்ப வடக்கே. ஆனாலும் இந்தப் பேச்சுக்கு இதை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் இதை நமக்கு இயற்கை வருணனை என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் எச்சரிக்கைகள். காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருக்கிற வழி இது, இருட்டில் போகாதே, விடிந்ததும் போ. இங்கே பாம்பு உண்டு. தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவணில் கல் விடுவார்கள், அது மரங்களில் பட்டுத் தெறித்து வரும், மரத்தை மறைவாக வைத்துக்கொண்டு போ. இந்தப் பாறையில் பாசி வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள். இந்த ஊரில் போய் நின்றால் சோறு போடுவார்கள், கூச்சப்படாமல் கேள். மலையின் ஓசைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வரும் இடம் ஒன்று உண்டு, பாட்டுக்கு அந்தப் பெயரே அதிலிருந்துதான் வந்தது என்பார்கள். அருவிச் சத்தம், கள் குடித்த குறவர்களின் குரவைச் சத்தம், புலி பாய்ந்த கணவனின் புண் ஆறப் பெண்கள் பாடும் பாட்டு, நெல் குத்தும் பாட்டு. அந்த மலையில் அமைதி என்பதே கிடையாது. மலை முழுக்க ஆட்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை.

இந்தப் பாட்டை ஒரு இலக்கிய வடிவமாகப் பார்த்தால் அதன் அமைப்பு ரொம்ப எளிமை. நடந்தவன், நடக்கப்போகிறவனிடம் பேசுகிறான். இருவருக்கும் பசி தெரியும். அதனால் தகவல் சரியாக இருந்தாக வேண்டும், தப்பாகச் சொன்னால் கேட்கிறவன் பன்றிப் பொறியில் மாட்டுவான். வருணனையின் துல்லியம் அந்தக் கட்டாயத்திலிருந்து வருகிறது. நம் காலத்து மலைக் கட்டுரையில் எழுதுகிறவர் போய்விட்டுத் திரும்பிவிட்டார், படிக்கிறவர் போகப்போவதில்லை. நடுவில் கைமாறுவது உணர்ச்சி மட்டும்தான். அதனாலேயே மொழி தளர்ந்துபோகிறது. 'பச்சைக் கம்பளம்' என்று எழுதினால் யாருக்கும் கால் வழுக்கப்போவதில்லை.

பொதிகைத் தொடருக்கு வந்தால், அங்கே நடந்து திரிந்த குரல் ஒன்று 18ஆம் நூற்றாண்டில் கேட்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. வசந்தவல்லி என்ற பெண் தெருவில் பந்தாடுகிறாள், உலா வந்த குற்றாலநாதரைப் பார்த்து மயங்குகிறாள். குறி சொல்ல ஒரு குறத்தி வருகிறாள், தன் மலையின் வளம் சொல்கிறாள். குரங்கும் தேனும் அருவியும் வரும் அந்தப் பகுதி தமிழில் எல்லோருக்கும் தெரியும். அது எங்கே சொல்லப்படுகிறது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். மலையில் அல்ல, ஊர்த் தெருவில். மலையைத் தெரிந்தவள் இறங்கி வந்து, தெரியாதவளுக்கு, கூலிக்குச் சொல்கிறாள். தூக்கிச் சொல்லாமல் இருப்பாளா? மலைபடுகடாத்தில் சோறு எங்கே கிடைக்கும், பொறி எங்கே இருக்கும் என்று பேசிய அதே மாதிரி ஆள், இங்கே வாங்குகிறவருக்கு ஏற்ற மாதிரி மலையை அழகாக்கித் தருகிறாள். கவிராயருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். குறத்தியின் பேச்சில் உள்ள துள்ளலில் ஒரு வியாபாரச் சாமர்த்தியமும் இருக்கிறது. அதை இயற்கை வருணனை என்று மட்டும் வாசிப்பது, அவளை வாசிக்காமல் விடுவது.

முக்கூடற்பள்ளில் இன்னொரு விதமான நடை. அங்கே நடப்பது மனிதர் இல்லை, வெள்ளம். மலையாளத்துப் பக்கமும் ஈழத்துப் பக்கமும் மின்னுகிறது, நாளை ஆறு வரும் என்று குறி பார்க்கிறார்கள். பிறகு தண்ணீர் மலையில் புறப்பட்டு ஒவ்வொரு திணையாகத் தாண்டி, அங்கங்கே கிடைத்ததை வாரிக்கொண்டு வயலுக்கு வருகிறது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் இதைக் கற்பனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மேலே மலையிலும் கொட்டித் தீர்த்தது. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் ஆற்றங்கரை ஊர்களும் தண்ணீருக்குள் போயின. வடிந்த பிறகு வாழைத்தோட்டங்களில் சேறு. கொற்கை கடலை விட்டு உள்ளே வந்ததே இப்படித்தான். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலில் கடல் விலகி, துறைமுகம் பழையகாயலுக்கும் பின்பு புன்னைக்காயலுக்கும் நகர்ந்தது என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே கால்டுவெல் எழுதியிருக்கிறார். அவர் சென்னையிலிருந்து தெற்கே நடந்தே வந்த ஆள், மண்ணைக் கவனித்ததில் ஆச்சரியமில்லை. இன்றைக்குக் கொற்கையில் குழி தோண்டினால் காலில் ஒட்டுவதில் ஒரு பங்கு பொதிகை. நாங்கள் மலைக்குப் போகவில்லை, மலை எங்களிடம் வந்துகொண்டே இருந்தது.

*

நவீன இலக்கியத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலை ஏறியவர்கள் யார் என்று தேடினால் கிடைக்கிற பதில் சங்கடமானது. 1935இல் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி'யில் வாசவன்பட்டி மருதி மலைக்குப் போகிறாள். எந்த மலைக்கு? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு. பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்த நாவலில் கருப்பனும் வள்ளியும் மயிலோடை என்ற திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து கங்காணியின் பேச்சை நம்பி ஆனைமலைக்கு ஏறுகிறார்கள். ஏறுவது நடந்துதான். அந்த நடை முழுக்கக் குளிரும் பயமும் அட்டையும். டேனியல் அந்தத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், அதனால் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதில் அவர் கண் தவறவே தவறாது. நாவலாக அதில் கரடுமுரடுகள் உண்டு. துரைமார்கள் பல இடங்களில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள். ஆனால் பனிமூட்டத்தை அழகு என்று அனுபவிக்கத் தேவையான கம்பளி யாரிடம் இருந்தது என்ற கேள்வியை அந்த நாவலைப் படித்த பிறகு தவிர்க்க முடியாது.

ஜெயமோகனின் 'காடு' இதே மலைத்தொடரின் மறுசரிவில், குமரி மாவட்டப் பக்கம் நடக்கிறது. ஒரு கலுங்கின் சிமெண்டில் பதிந்துபோன மிளாவின் குளம்புத் தடத்தில் தொடங்கும் நாவல். கிரிதரன் ஒப்பந்த வேலைக்காகக் காட்டுக்குள் போகிறவன், மலைப்பெண் நீலியைக் காதலிக்கிறவன், குறிஞ்சியைக் கபிலர் வழியாகப் பார்க்கிறவன். இந்த நாவலைக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் நீலியைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உயிரோடு இருப்பவன் குட்டப்பன். சமைப்பான், கெட்ட வார்த்தை பேசுவான், எந்த விலங்கு எங்கே நிற்கும் என்று சொல்வான். கிரிதரனுக்குக் காட்டில் கால் வைக்க வழி சொன்னவன் அவன்தான். மலைபடுகடாத்துக் கூத்தனுக்கு இந்த நூற்றாண்டில் ஒரு வாரிசு உண்டென்றால் குட்டப்பனைச் சொல்லலாம். நீலியிடம் நாவல் போகும்போது சங்கப்பாட்டின் வெளிச்சம் கூடிப்போய், அவள் முகம் சரியாகத் தெரியாமல் போகிறது. குட்டப்பன் வரும் பக்கங்களில் அந்தப் பிரச்சினையே இல்லை.

மா. கிருஷ்ணனையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாதவையாவின் மகன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' புத்தகத்தில் கிடைக்கின்றன. ஒரு பறவையைப் பற்றி எழுதினால் அது எப்படி உட்காரும், எப்படிக் கத்தும், எந்த மரத்தில் இருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதைப் பார்த்துத் தனக்குள் என்ன பொங்கியது என்பதைச் சொல்ல மாட்டார். நம் தலைமுறை அவரிடம் எடுத்துக்கொள்ளாமல் விட்டது அந்தக் கட்டுப்பாட்டைத்தான்.

*

நாம் எடுத்துக்கொண்டது வேறு இடத்திலிருந்து. கடந்த சில வருடங்களில் மலை பற்றி எழுதுகிற பலர் கையில் நான் பார்த்த புத்தகம் நான் ஷெப்பர்ட் எழுதிய 'தி லிவிங் மவுண்டன்'. நான் என்பது அவர் பெயர், தமிழில் படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் தடுக்கும். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பக்கத்துக்காரர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். தன் ஊருக்கு மேற்கே உள்ள கெய்ர்ன்கார்ம் மலைகளில் வாழ்நாள் முழுவதும் நடந்தவர். இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடங்களில் எழுதி, முப்பது வருடம் மேசைக்குள் வைத்திருந்து, 1977இல் வெளியிட்டார். அந்த மலைகள் நம் ஊர் மலை மாதிரி கூராக இருக்காது. மேலே போனால் மரமற்ற, காற்றடிக்கிற, புதரும் பாசியும் மண்டிய மேட்டு நிலம். ஷெப்பர்ட் உச்சிக்குப் போவதில் ஆர்வம் காட்டுவதில்லை, மலைக்குள் போவதைப் பற்றி எழுதுகிறார். தண்ணீருக்கு ஒரு அத்தியாயம், உறைபனிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. மனிதர்களுக்கும் ஒன்று உண்டு. அங்கே வாழ்கிற குடியானவர்கள் எப்படி வீட்டுக் கதவைத் திறந்துவைப்பார்கள் என்பதையெல்லாம் சொல்கிறார். அருமையான புத்தகம், நூறு பக்கத்துக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கும்.

நம் கட்டுரைகளுக்குள் வந்து சேர்ந்தது அந்த மனித அத்தியாயம் நீங்கலான ஷெப்பர்ட். உச்சி முக்கியமில்லை, நடைதான் முக்கியம், மலை எனக்குள் பேசியது என்கிற பகுதி மட்டும். ஆளில்லாத மேட்டு நிலத்தின் அமைதி என்ற படிமம் அப்படியே இறக்குமதி ஆகிவிட்டது. ஸ்காட்லாந்து மேட்டு நிலத்துக்கு அந்த அமைதி எப்படி வந்தது என்பது தனிக்கதை. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறு வருடத்துக்கு மேலாக, நிலச்சுவான்தார்கள் ஆடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றினார்கள். வீடுகளைக் கொளுத்திய சம்பவங்கள் உண்டு. போனவர்கள் கடற்கரைக்கும் கனடாவுக்கும் போனார்கள். பிறகு அந்த நிலம் மான் வேட்டைக்கும் பறவை வேட்டைக்கும் ஆனது. பறவைக்காகப் புதரை முறைவைத்துக் கொளுத்திக் கொளுத்தி அந்தப் பரப்பை மரம் வளராமல் பார்த்துக்கொள்கிறார்கள். இன்றைக்குப் போகிற நடைக்காரருக்கு அது ஆதிகாலத்து வெறுமை மாதிரி தெரியும்.

நம் மலைப் புல்வெளிக்கு நடந்தது இதற்கு நேர்த் தலைகீழ். மேற்குத் தொடர்ச்சி மலை உச்சிகளில் பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்லும் இருக்கும். வெள்ளைக்காரர்கள் அந்தப் புல்லை வீண் நிலம் என்று கணக்கில் எழுதி நீலகிரியில் சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டார்கள். காட்டை அழித்த இடத்தில்தான் புல் வந்தது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1993இல் சுகுமார் முதலானோர் நீலகிரியின் சதுப்பு மண்ணில் கரிம ஐசோடோப்புகளை அளந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, அங்கே புல் சுமார் 20,000 வருடங்களாக இருக்கிறது, காலநிலை மாற மாறப் புல்லும் மரமும் கூடிக் குறைந்திருக்கின்றன என்று காட்டியது. அதாவது அங்கே வெறுமை மனிதன் செய்தது, இங்கே பழையது. இந்த வித்தியாசம் தெரியாமல் அங்கத்திய சொற்களை இங்கத்திய புல்லின் மேல் போர்த்தினால் கட்டுரை பொய்யாகிவிடும்.

*

பொதிகைத் தொடரில் ட்ரெக்கிங்காரர்கள் எல்லோரும் பெயர் சொல்வது அகத்தியர்கூடம், 1,868 மீட்டர். கேரளத்தின் போணக்காடு வழியாக அனுமதி வாங்கி ஏறுவார்கள். 2019 ஜனவரி வரை பெண்கள் உச்சிக்குப் போக முடியாது, நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் போனார்கள். மலையில் பெண்கள் நடந்த எழுத்து ஏன் தமிழில் இல்லை என்று கேட்கிறவர்கள் இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அதே மலையில் 1855 வாக்கில் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வு நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர், காந்தமானிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஆய்வுக்கூடமே கட்டினார். தூக்கிக்கொண்டு போனது அவர் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1987இல் இன்னொரு நடை. தாவரவியலாளர்கள் காணி மக்கள் சிலரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு இந்த மலைகளில் ஏறினார்கள். இவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, வழிகாட்டிகள் களைக்கவே இல்லை. என்ன தின்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு சிறு செடியின் காய். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது, உரிமத் தொகையாகக் கிடைத்த 10 லட்சம் ரூபாயிலும் பிறகு வந்த பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடானது. உலகம் முழுக்கப் பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த ஆரம்பகால உதாரணமாக இதைச் சொல்கிறார்கள், ஏற்பாட்டின் குறைகளையும் சொல்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது முதல் காட்சிதான். ஒரே பாதையில் ஒரே வேகத்தில் போகிறார்கள். ஒருவருக்கு அது பயணம், இன்னொருவருக்குச் சும்மா நடப்பது.

நான் நடந்தது உச்சியில் இல்லை. மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் பாஸ் வாங்கி, பஸ்ஸில் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து வழியாகக் குதிரைவெட்டிக்குப் போகிற பாதை. தேயிலைக் கம்பெனி இயங்கிக்கொண்டிருந்த வருடங்கள். நாலுமுக்கில் ஒரு டீக்கடையில் இருந்த வயதான ஒருவரிடம், "அண்ணாச்சி, இங்கேர்ந்து குதிரைவெட்டிக்கு நடந்தே போயிரலாமா?" என்று கேட்டேன். அவர் என் ஷூவைப் பார்த்தார். "வேலை சோலி ஒண்ணும் இல்லாம சும்மா நடக்கதுக்கா தம்பி இம்புட்டுத் தூரம் வந்திய?" கிண்டல் கொஞ்சம் இருந்தது, அன்பும் இருந்தது. பிறகு சொல்ல ஆரம்பித்தார். "ரோட்டை விட்டு இறங்காதிய. புல்லுக்குள்ள காலு வச்சா அட்ட ஏறிரும், கல்லு மேலயே போங்க. மிளா நின்னா நீங்களும் நில்லுங்க, அதுவா போயிரும். காட்டுமாடு நின்னா திரும்பிருங்க. மூணு மணிக்கு மேல மஞ்சு இறங்கும், உங்க கையே உங்களுக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க. ஊத்துல டீ கெடைக்கும்."

பன்றிப் பொறியும் கவண்கல்லும் இல்லை, மற்றபடி அது மலைபடுகடாம். இரண்டாயிரம் வருடம் கழித்து அதே வடிவம், அதே வரிசை. எங்கே கால் வைக்கணும், எதற்கு நிற்கணும், எங்கே சோறு. அவர் கொழுந்துக் கூடையோடும் கவ்வாத்துக் கத்தியோடும் நாற்பது வருடம் நடந்த சரிவுகள் அவை. அன்றைக்கு நான் நடந்ததைப் பற்றி எழுத ஒன்றும் பெரிதாக இல்லை. மஞ்சு மூன்று மணிக்குச் சரியாக இறங்கியது. மேலே புல்லும் பாறையும், கீழே அணைகளின் தண்ணீர் தகடு போல. லைன் வீடுகளில் டிவிச் சத்தம், யாரோ பிள்ளையைத் திட்டுகிற சத்தம். மலை நன்றாகக் கேட்டது.

அந்த மலை சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருடக் குத்தகைக்கு, சுமார் 8,374 ஏக்கர், பாம்பே பர்மா கம்பெனிக்குப் போனது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களும் பறித்தவர்களும் அடிவாரத்திலிருந்தும் தூரத்துக் கிராமங்களிலிருந்தும் ஏற்றப்பட்டவர்கள். 1999 ஜூலை 23இல் அவர்கள் கூலிக்காகவும் சிறையில் இருந்த தோழர்களுக்காகவும் மலையிலிருந்து இறங்கித் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தையும் சேர்த்து. ஆர்.ஆர். சீனிவாசனின் 'ஒரு நதியின் மரணம்' ஆவணப்படம் அதைப் பதிவு செய்தது. மாரி செல்வராஜின் கதைத் தொகுப்புக்கு 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்றே பெயர். பொதிகையிலிருந்து கீழே வந்தவற்றின் பழைய பட்டியலில் தென்றலும் சந்தனமும் இருக்கின்றன. இந்த ஊர்வலத்தை அந்தப் பட்டியலில் எங்கே சேர்ப்பது என்பது நம் இலக்கிய வரலாற்றுக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

குத்தகை 2028இல் முடிய இருந்தது. அதற்கு முன்பே, 2024 ஜூனில், கம்பெனி வேலையை நிறுத்தியது. தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று பெயர். நாலைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், கீழே சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அந்த இடம் வருகிறது. காடு திரும்பட்டும் என்று சொல்வதற்கு நியாயம் நிறைய இருக்கிறது. ஆறு அங்கிருந்து வருகிறது, சிங்கவால் குரங்கு அங்கே இருக்கிறது. கடைக்கோடியில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிற கொற்கைக்காரன் நான், இதை அலட்சியமாகச் சொல்ல முடியாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்யாமல் விட்டால் மரமாக உயரும். அதன் நிழலில் மெல்லக் காடும் வரலாம். நான் பேசுவது கொள்கை பற்றி இல்லை, வாக்கியங்கள் பற்றி.

இன்னும் பத்து வருடத்தில் அங்கே நடக்க அனுமதி கிடைத்தால், யாராவது ஒருவர் அதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதுவார், இதே மாதிரி ஒரு இணைய இதழில். கூரை இல்லாத லைன் வீட்டுச் சுவரில் பாசி படர்ந்திருப்பதை நல்ல தமிழில் எழுதுவார். அதிகம் பேருக்குத் தெரியாத மலை என்பார். தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் வாடகை வீடுகளில் இருப்பார்கள். ஆளரவமே இல்லை, அப்படி ஒரு அமைதி என்பார். அந்தக் கட்டுரை பிரமாதமாகக்கூட இருக்கலாம். அப்போது அதை வாசிக்கிற விமர்சகர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவருக்கு வழி சொன்னது யார்? கூகுள் மேப் என்றால், கட்டுரையில் அது தெரியும்.

அதற்குள் வேறு ஒரு புத்தகம் வந்தால் நன்றாக இருக்கும். முப்பது வருடம் கொழுந்தெடுத்த ஒரு அக்கா சொல்லச் சொல்ல எழுதியது. எந்தச் சரிவில் எந்த மாதம் மஞ்சு எத்தனை மணிக்கு இறங்கும், மஸ்டர் மணி அடித்ததும் எந்தக் குறுக்குப்பாதையில் ஓடினால் நேரத்துக்குப் போகலாம், எந்த வளைவில் யானை நிற்கும், பேறுகாலத்தில் எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், அட்டைக்கு உப்பா புகையிலையா. வருணனை எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பாதைக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர் இருந்தால் போதும். எந்த வரைபடத்திலும் அந்தப் பெயர்கள் இல்லை, நாலுமுக்கு டீக்கடையில் நான் கேட்டுக் குறித்துவைத்தவை நாலுதான்.